பப்பாளிப் பாலைக் கண்டுபிடித்த முயல் ரத்தம்

சோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, மைக்கைக் கையில் கொடுத்தீர்கள். எல்லாரும் நல்லா இருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் வராது. படித்தது ஐந்தாவது வரைதான் என்றாலும் எழுத்து வரும். அதனால் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்புகிறேன்.

உங்களில் ஒரு பெண் என்னிடம் தனியாக வந்து, இத்தனை வருஷத்தில் மறக்க முடியாதது எது என்று கேட்டாள். சந்தோஷமான ஏதாவது ஒன்றை எதிர்பார்த்திருப்பாள். எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது சந்தோஷமானது இல்லை. அதனால் சிரித்து மழுப்பிவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

கூண்டு கழுவுவது, தீவனம் போடுவது, காது நரம்பில் ஊசி இறக்குவது எல்லாம் ஒரு மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். அதை எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்க மாட்டேன்.

இப்போது ஆன்டிபாடி உங்களுக்கு டப்பாவில் அடைத்து, ஐஸ் வைத்து, வெளியூரிலிருந்து வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரணியில் நாங்கள் இருந்த சின்னக் கூடத்தில் அதை முயலில்தான் உண்டாக்கினோம். ரைஸ் மில்லுக்குப் பின்பக்கம் ஓட்டுக் கட்டடம். முன்னால் ஆபீஸ், நடுவில் லேப், பின்னால் முயல் அறை. நெல் அவியும் வாசனையில் முயல் மூத்திர நாற்றம் தெரியாது. அது ஒன்றுதான் அங்கே வசதி.

எதற்கு முயல் என்று சொல்லிவிடுகிறேன். பட்டு நூல் புழுவிடமிருந்து வரும்போது அதன்மேல் ஒரு பசை இருக்கும். அதை எடுத்தால்தான் பளபளப்பு வரும், சாயம் ஏறும். சோப்பும் சோடாவும் போட்டு அண்டாவில் வேகவைத்துப் பசை எடுப்பது சாயப்பட்டறைகளின் வழக்கம். அதற்கு விறகு நிறையப் பிடிக்கும். அந்த வருஷங்களில் ஒரு வெள்ளைத் தூள் வந்தது. பப்பாளிக் காயைக் கீறி, வடிகிற பாலைக் காயவைத்து எடுத்த தூள். அதில் புரதத்தைத் தின்கிற என்சைம் இருக்கிறது. கறி சீக்கிரம் வேகப் பப்பாளித் துண்டு போடுகிறோமே, அதே வேலைதான். வெதுவெதுப்பான தண்ணீரில் இந்தத் தூளைக் கரைத்து நூலை ஊறவைத்தால் பசை போய்விடும். விறகும் மிச்சம். ஆனால் பிறகு கொதிக்கிற தண்ணீரில் முக்கி அந்த என்சைமைக் கொல்ல வேண்டும். கொல்லாமல் விட்டால் அது நூலிலேயே தங்கி, பசைக்குப் பிறகு பட்டையும் மெதுவாகத் தின்னும். பட்டும் புரதம்தானே. சேலை பெட்டிக்குள் இருக்கும்போதே மடிப்பில் விட்டுப்போகும்.

தூள் போட்ட நூலும் சோப்பில் வெந்த நூலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதைப் பிரித்துச் சொல்லத்தான் முயல். அந்த என்சைமைக் கொஞ்சம் கொஞ்சமாக முயலுக்கு ஊசியில் ஏற்றுவோம். அதன் ரத்தத்தில், அந்த என்சைமை அடையாளம் தெரிந்து பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி உண்டாகும். ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கிற சீரத்தை, கூழ் ஊற்றி உறையவைத்த கண்ணாடித் தட்டில் ஒரு குழியில் விடுவார்கள். பக்கத்துக் குழியில் நூலை ஊறவைத்த தண்ணீர். என்சைம் இருந்தால் இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு விழும். இல்லாவிட்டால் ஒன்றும் விழாது.

அந்தத் தட்டைப் பார்க்கிறவர் லேப் அம்மா. போளூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கல்லூரிப் படிப்புப் படித்தவர், என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை அம்மா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. எனக்கு அந்த வேலையில் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். எனக்குப் புரியாது என்று நினைத்து அவர் எதையும் சொல்லாமல் விட்டதில்லை.

ஒரு நாள் ஒரு பட்டுச்சேலை முதலாளி காரில் வந்து இறங்கினார். அவர் விற்ற சேலைகள் மடிப்பில் விட்டுப்போய்த் திரும்பி வந்திருந்தன. கல்யாண வீட்டில் பெண்ணின் தோளிலேயே ஒன்று கிழிந்ததாம். அவருக்குப் பசை எடுத்துச் சாயம் போட்டுக் கொடுப்பவர் தேசிங்கு. அப்பா காலத்திலிருந்து பட்டறை வைத்திருக்கிறவர். தேசிங்கு தூள் போட்டு ஏமாற்றிவிட்டான் என்பது முதலாளியின் கட்சி. தேசிங்கு சாயம் போட்டுக் கொடுத்த நூலில் ஒரு கட்டு எடுத்து, பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நூல் சுற்றுகிற வீட்டிலிருந்து நேராக எடுத்து வந்தேன் என்று பெருமையாகச் சொன்னார். அவர் அதை மறைக்கவே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் அது உறைக்கவும் இல்லை.

மறுநாள் தட்டில் கோடு விழுந்திருந்தது. மெல்லிய கோடு, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. லேப் அம்மா அதை, கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த ஆபீசரிடம் கொண்டுபோனபோது நான் கண்ணாடிச் சாமான் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கோடு ரொம்ப மெலிசாக இருக்கிறது, தேசிங்கு அண்டாவிலிருந்தே நேராக ஒரு நூல் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று லேப் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"கோடு வந்துச்சா, இல்லையா?" என்றார் ஆபீசர்.

"வந்துச்சு சார்."

"அப்புறம் இன்னாம்மா?"

வந்தவரைக் காக்கவைக்கக் கூடாது என்பது அவருடைய அவசரம். நூலில் என்சைம் இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்மை. சாயப்பட்டறையில் என்சைம் பயன்படுத்தப்பட்டுள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளே, இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் ஒரு மனுஷன் விழுந்தான்.

முதலாளி அந்தக் காகிதத்தைப் பட்டறைத் தெருவில் நின்று படித்துக் காட்டினாராம். அந்த வாரமே தேசிங்குக்கு நூல் வருவது நின்றது. முதலாளி நூல் கொடுக்காவிட்டால் மற்றவர்களும் கொடுக்க மாட்டார்கள், ஆரணி அவ்வளவு சின்ன ஊர். தேசிங்கு ஆபீசுக்கு வந்தார். உள்ளே விடவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து முயல் அறை ஜன்னலில் நின்றார். சேவூரில் எங்கள் தெருவிலிருந்துதான் அவர் வீட்டுக்கு மருமகள் எடுத்திருந்தார்கள், அதனால் என்னைத் தெரியும். முழங்கை வரை கத்தரிப்பூ நிறச் சாயம் ஏறிய கை. அதை ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டு கூண்டுகளைப் பார்த்தார்.

"எது தங்கச்சி என்னெப் பத்திச் சொல்லிச்சு?"

நான் குனிந்து கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"சும்மா காட்டு. மூஞ்சியாச்சும் பாத்துட்டுப் போறேன். நாப்பது வருசமா ஒருத்தரும் என்னெத் திருடன்னு சொன்னதில்ல. கடைசில ஒரு முயலு சொல்லணும்னு இருந்துகீது."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேப் அம்மா உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என்னைக் கூப்பிட்டு, அக்கா, அந்த நூல் சுற்றுகிற வீடு எங்கே, வாங்க போகலாம் என்றார்.

குப்பம்மாள் வீடு அது. நடையிலேயே ராட்டை. சாயம் போட்டு வந்த நூலைச் சிட்டம் என்கிற சுழல்கிற சட்டத்தில் மாட்டி, இழையை விரலால் பிடித்துக் கட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சுற்றுவதை நிறுத்தவில்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பப்பாளிக் காய்த் தோல் கிடந்தது, பச்சை வெட்டில் பால் துளிர்த்திருந்தது. இழை விரலில் மாட்டியது. அவள் ராட்டையை நிறுத்தி, அந்தத் தோலை எடுத்து விரல் நுனிகளில் தேய்த்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி இழையைப் பிடித்தாள்.

லேப் அம்மா கிண்ணத்துப் பக்கம் குனிந்து அந்தத் தோலைப் பார்த்தார். பிறகுதான், அது எதுக்கு என்று கேட்டார்.

"விரலு சொரசொரன்னு இருந்தா பட்டு கேக்காதும்மா. மாட்டிகினு அறுந்துடும். இத தேச்சா காப்பு உரிஞ்சு மெத்துனு ஆயிடும். எங்க தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் தேய்ப்போம்." என் கையைப் பார்த்து, "உன் கைய வச்சிகினு நீ சாணிதான் தட்டலாம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

எங்கள் வீடு நெசவு வீடு இல்லை, நாற்று நடுகிற வீடு. எனக்கு இது தெரியாது. போளூர்க்காரருக்கும் தெரியாது. ஆபீசருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஊரில் பாதிப் பெண்கள் தினமும் செய்கிற ஒரு காரியம், அதே ஊரில் இருக்கிற எங்கள் கூடத்துக்குள் வந்து சேரவில்லை.

திரும்பி வரும்போது லேப் அம்மா வேகமாக நடந்தார். சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். தேசிங்கு அண்டாவிலிருந்து நேராக எடுத்து, பட்டறையிலேயே மிச்சம் கிடந்த நூல், குப்பம்மாள் கை படாத நூல், கை பட்ட நூல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஆனால் சீரம் இல்லை. மிச்சமிருந்த கொஞ்சத்தை, மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், அவர்களுக்குக் கோடு விழுவதைக் காட்ட வேண்டும் என்று ஆபீசர் தன் அறை ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டிவிட்டார். கேட்டதற்கு, முடிஞ்ச கேஸுக்கு எதுக்கு வேஸ்ட் பண்ற என்றார்.

நாங்கள் ஊசி போட்ட முயல்களில் ஒன்றே ஒன்றுதான் நல்ல சீரம் கொடுத்தது. பழுப்பு நிறப் பெட்டை, வயதானது. மற்றவற்றின் சீரத்தில் கோடு விழுவதும் விழாததும் அன்றன்றைய அதிர்ஷ்டம். அந்தப் பழுப்பு முயலிடம் அப்போதுதான் ரத்தம் எடுத்திருந்தோம். தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கிக்கொண்டிருந்தது. காது உள்பக்கம் வெளுத்துக் கிடந்தது.

லேப் அம்மா கூண்டு முன்னால் குந்தி உட்கார்ந்தார். "தாங்குமாக்கா?"

"தாங்காதும்மா."

அவர் எழுந்திருக்கவில்லை. அவர் உத்தரவு போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உத்தரவு போடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த முயலுக்குத் தினமும் கீரை கிள்ளிப் போட்டவள். தேசிங்கு ஜன்னல் கம்பியில் வைத்த கை எனக்குக் கண்ணில் நின்றது. எடுங்கம்மா என்று சொல்லி, நானே துண்டில் சுற்றி மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை உதைத்தது. அப்புறம் உதைக்கவில்லை. எடுத்து முடித்து உப்புத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தோம், கோணி போட்டுக் கதகதப்பாக வைத்தோம். ஒன்றும் உதவவில்லை. இரண்டு நாளில் செத்துப்போனது. கமண்டல நாக நதி மணலில் நானே கொண்டுபோய்ப் புதைத்தேன்.

சோதனை சரியாக வந்தது. அண்டா நூலுக்குக் கோடு இல்லை. கை படாத நூலுக்குக் கோடு இல்லை. குப்பம்மாள் சுற்றிய நூலுக்கு மட்டும் அதே மெல்லிய கோடு. லேப் அம்மா தட்டை என்னிடமும் காட்டினார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் கடைசி.

ஆபீசர் தட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரியாதவர் இல்லை அவர். முயல் எப்படிச் செத்தது என்று கூடக் கேட்கவில்லை.

"ஒரே நூலப் பத்தி ஒரே ஆபீஸ்ல இருந்து ரெண்டு விதமா ரிப்போர்ட் போச்சுன்னா, நாளைக்கு எவன்மா நம்மள நம்பி வருவான்?"

"சார், அந்த ஆளுக்கு வேலையே போச்சு."

"வேற வேல கெடைக்கும். இந்தக் கூடம் மூடிட்டா உனக்குக் கெடைக்குமா? அந்த அக்காவுக்குக் கெடைக்குமா?"

நான் வாசலில் விளக்குமாற்றோடு நின்றேன். என் புருஷன் அப்போது படுத்த படுக்கை. ஆபீசர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர் கூடத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பினார்.

சேலைகள் உண்மையில் எதனால் கிழிந்தன என்பதை யாரும் தேடவே இல்லை. சாயத்தில் கெடுதலா, நூலே மட்டமா, குடோனில் ஈரமா, எதுவாகவும் இருந்திருக்கலாம். ஒரு பெயர் கிடைத்தவுடன் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் நடந்தது. விஷயம் எப்படியோ நூல் சுற்றுகிற தெருவுக்குப் போய்விட்டது. குப்பம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். முன்பு பேசிய கேலியெல்லாம் போயிருந்தது. அம்மா, எங்க பேர இஸ்துடாதீங்க, முதலாளி இதக் கேட்டா எங்க தெருவுக்கே சுத்தறதுக்கு நூல் தர மாட்டாரு என்று லேப் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தேசிங்கைக் காப்பாற்ற உண்மையை வெளியே சொன்னால் பத்து வீட்டுப் பெண்கள் மாட்டிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் தேசிங்கு. லேப் அம்மா அன்றைக்குப் போளூர் பஸ்ஸைத் தவறவிட்டு, முயல் அறை வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நான் வெங்காயம் போட்டுக் கூழ் கரைத்துக் கொடுத்தேன். குடித்தாரா என்று நினைவில்லை.

கடைசியில் குப்பம்மாளிடம், சுற்றும் முன் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டு உட்காருங்கள் என்று சொல்லி அனுப்பினார். தேசிங்கு வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். கொடுக்கக் கையில் காகிதம் எதுவும் இல்லை. உங்கள் நூலில் ஒன்றுமில்லை, நாங்கள் பார்த்துவிட்டோம், எழுதித் தர எங்களால் முடியவில்லை என்று வாயால் சொன்னார். தேசிங்கு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

"அத நடுத்தெருவுல நின்னு படிச்சாங்க. இத என் காதுல வந்து சொல்றீங்க."

திட்டியிருந்தாலும் தாங்கியிருப்போம். அவர் மருமகளைக் கூப்பிட்டு எங்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு வந்தோம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். கோடு விழுந்தால், அந்தப் பொருள் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். யார் வைத்தது, எப்படி வந்தது, எதற்கு வந்தது என்பதெல்லாம் கோட்டுக்குத் தெரியாது. உங்கள் டப்பா எந்த ஊரிலிருந்து வந்தாலும் அதற்கும் தெரியாது. மாதிரி எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு மாறி உங்கள் மேஜைக்கு வந்தது என்று கேளுங்கள். டீ ஆறினால் ஆறட்டும், கார் வாசலில் நின்றால் நிற்கட்டும், கேட்டுவிட்டு எழுதுங்கள். எழுதியது தப்பென்று தெரிந்தால், முதல் காகிதத்தை எவ்வளவு சத்தமாகப் படித்தார்களோ அவ்வளவு சத்தமாகத் திருத்துங்கள். எங்களால் முடியவில்லை. உங்களாலாவது முடியட்டும்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் கதை இதோடு முடியவில்லை.

அடுத்த வருஷம் புது முயல்களில் ஒன்று நல்ல சீரம் கொடுக்க ஆரம்பித்தது. ஒரு காலை தேசிங்கு வந்தார். இந்தத் தடவை முன்வாசல் வழியாக வந்தார், யாரும் தடுக்கவில்லை. கையில் ஒரு நூல் கட்டு. சோதிக்க வேண்டும் என்று லேப் அம்மாவின் மேஜையில் வைத்தார். உடம்பு இளைத்திருந்தது, ஆனால் சட்டை புதிது. பட்டறை மறுபடி ஓடுகிறதா என்று லேப் அம்மா ஆசையாகக் கேட்டார். ஓடுது என்றார்.

மறுநாள் தட்டைச் சாய்த்துப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தடித்த கோடு, சுண்ணாம்பால் இழுத்ததுபோல. குப்பம்மாள் தெருவில் எல்லாரும் கை கழுவித்தான் உட்காருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இந்த நூலோ ராட்டைப் பக்கமே போகாதது, அண்டாவிலிருந்து நேராக வந்தது. லேப் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, முடிவு கேட்க வந்து நின்ற தேசிங்கைப் பார்த்தார்.

"சோப்பு போட்டு வேகவைக்கச் சொல்லி ஒருத்தரும் நூல் குடுக்க மாட்றாங்கம்மா. தூளுக்காரன்னு பேராயிடுச்சா, தூள் போடச் சொல்றவங்க மட்டும் தேடிகினு வராங்க. போடறேன். நல்லாவே போடறேன். கொதிதண்ணில முக்கறதுக்கும் விறகு குடுக்க மாட்றாங்க." நூல் கட்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "உங்க ஆபீசர எழுதச் சொல்லுங்க. இப்ப எழுதினா பொய்யில்ல."